ஒற்றைத் துறவி நண்டை ஏன் வளர்க்கக் கூடாது?

நல்லூர்த் திருவிழாவையொட்டி வெளிநாடுகளிலிருந்து ஊருக்கு வரும் குடும்பங்கள் ஒருநாளாவது காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போகாமல் திரும்புவதில்லை. அங்கே பிள்ளைகளின் கையில் ஒரு பிளாஸ்ரிக் வாளி இருக்கும். வாளிக்குள் நாலைந்து ஊரிச் சங்கு, ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் எட்டிப் பார்க்கும் கால்கள். "இதை ரொறொன்ரோவில கடையில விக்கிறாங்கள், அம்மம்மா" என்று பிள்ளை சொன்னால் அம்மம்மா நம்பமாட்டார். நண்டென்றால் கறிக்கு, இல்லாவிட்டால் கூழுக்கு. காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குள் வைத்து, அதற்குச் சாப்பாடும் போடுவதா?

போடுகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்ப்புப் பிராணிக் கடைகளிலும் கடற்கரைப் பரிசுப்பொருள் கடைகளிலும் பல பத்தாண்டுகளாக விற்பனையாகிவரும் பிராணி, செத்த நத்தையின் ஓட்டுக்குள் குடியிருக்கும் இந்தத் துறவி நண்டு. அதிகம் விற்கப்படுவது கரீபியன் கரைகளில் பிடிபடும், ஊதா நிறக் கொடுக்குள்ள கோயெனோபிட்டா கிளிப்பியேட்டஸ் என்ற தரை இனம். சின்னக் கம்பிக் கூடு, ஒரு பிடி நிறக்கல், வர்ணம் பூசிய சங்குக்குள் ஒற்றை நண்டு. இப்படித்தான் அது பிள்ளையின் கைக்கு வரும். பெரும்பாலும் சில மாதங்களில் செத்தும்விடும். அதன் ஆயுளே அவ்வளவுதான் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர் அது.

இப்போது காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்குள்ள பெடியளும் "ஒன்றைப் பிடித்து வளர்ப்போமா" என்று கேட்கிறார்கள். சிக்கல் அந்த ஒன்றில்தான் தொடங்குகிறது. இந்த நண்டு எதற்காகக் கூட்டம் கூடுகிறது என்று தெரிந்துகொண்டால், வளர்க்கலாமா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்யலாம்.

வாளிக்குள் இருப்பது எது?

துறவி நண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மிகப் பெரும்பாலானவை கடலிலேயே வாழ்பவை. யாழ்ப்பாணக் கடனீரேரியில் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போதோ, தீவுப்பகுதியின் கல்லுக்கரைக் குழிகளிலோ, கிடக்கும் ஊரி திடீரென்று ஓடத் தொடங்கினால் அது அனேகமாகக் கடல் இனம். அதைத் தண்ணீர் இல்லாத கண்ணாடித் தொட்டியில் விட்டால் விரைவில் செத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் விட்டாலும் அதே கதைதான்.

வளர்ப்புப் பிராணியாகப் பேசப்படுவது தரையில் வாழும் கோயெனோபிட்டா பேரினம். இருபதுக்கும் குறைவான இனங்கள்தான் அதில் உள்ளன. இந்து சமுத்திரக் கரைகளில் பரவலாகக் காணப்படும் ஒன்று கோயெனோபிட்டா ருகோசஸ். இவை பகலில் அடம்பன் கொடியின் அடியிலும் தாழம்புதரின் நிழலிலும் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு அலை ஒதுக்கிய சருகுகளை மேய வெளியே வரும். பிரித்தறிய எளிய வழி முகத்தைப் பார்ப்பது. தரை இனத்தின் கண் காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், கடல் இனங்களுக்கு அது உருண்டையாக இருக்கும். தரை இனத்தின் இடக் கொடுக்கு பெருத்திருக்கும். உள்ளே போனதும் அதைத்தான் கதவாகச் சாத்திக்கொள்ளும். எங்கள் ஆழங்குறைந்த கடலில் காணப்படும் கிளிபனாரியஸ் வகைகளுக்கு இரண்டு கொடுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இன்னொன்றும் உண்டு: தரை இனத்தை முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தால் மூச்சுத்திணறிச் செத்துப்போகும். நண்டுதானே, தண்ணீரில் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்கிறவர்கள் அதிகம்.

வீட்டுக்காகக் கூடும் கூட்டம்

துறவி நண்டின் முன்பாதிக்கு மட்டும்தான் கடினமான தோல். பின்னால் வயிற்றுப் பகுதி மெத்தென்ற சதை. அதுவும் நேராக இல்லை. நாங்கள் இடம்புரி என்று சொல்லும் சாதாரணச் சங்குகளின் சுருளுக்குப் பொருந்தும்படி ஒருபக்கமாக வளைந்திருக்கும். நுனியில் உள்ள கொக்கி போன்ற சிறு உறுப்புகள் சங்கின் நடுத்தண்டைப் பற்றிக்கொள்ளும். நாங்கள் பிடித்து இழுத்தால் உடல் கிழிந்தாலும் கிழியுமே தவிர, நண்டு வெளியே வராது.

இந்தச் சங்கை அது தானாகச் செய்துகொள்வதில்லை. செய்வது கடல் நத்தை. நத்தை செத்து, வெற்று ஓடு கரையொதுங்கி, அதுவும் உடையாமல் இருந்தால்தான் தரை நண்டுக்கு வீடு. நண்டு வளரும், வீடு வளராது. ஆகவே வளர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு துறவி நண்டும் தன்னைவிடக் கொஞ்சம் பெரிய ஒருவரின் வீடு எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதன் சமூக வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு தேவையைச் சுற்றியே அமைந்தது.

இதை முதலில் சரியாகப் பிடித்தவர் ஒரு சமூகவியலாளர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஹாரிசன் வைட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970இல், ஒரு பதவி காலியானால் அந்த வெற்றிடம் எப்படிப் படிப்படியாகக் கீழிறங்கிப் பலருக்கு வாய்ப்புத் தருகிறது என்று தேவாலயப் போதகர்களை வைத்து விளக்கினார். ஐவன் சேஸ் என்பவர் அதே சிந்தனையைத் துறவி நண்டுகளில் பொருத்திப் பார்த்து, 1988இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். கரையில் ஒரு நல்ல பெரிய ஓடு கிடைக்கிறது. அதைப் பெரிய நண்டு எடுத்துக்கொள்கிறது, அது விட்டதை நடுத்தர நண்டு, அது விட்டதைச் சின்னது. எங்கள் ஊரில் ஓர் அதிபர் ஓய்வு பெற்றால் பின்னால் எத்தனை பேருக்கு இடமாற்றம் கிடைக்குமோ, அப்படி. ஒரே ஒரு வெற்று ஓடு ஐந்தாறு நண்டுகளுக்கு நன்மை செய்துவிடும்.

பெலிஸ் நாட்டில் ரண்டி ரொட்ஜன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கிலி இரண்டு விதமாக நடக்கும் என்று காட்டியது. ஒன்று, ஆளுக்கொரு நேரத்தில் வந்து மாறிக்கொள்வது. மற்றது வேடிக்கையானது. தனக்குப் பெரிதாக இருக்கும் ஓட்டைச் சோதித்த நண்டு அதை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே காத்திருக்கும். இன்னொன்று வரும், அதுவும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் பெரியதிலிருந்து சிறியது வரை ஒன்றன் பின்னால் ஒன்று பற்றிக்கொண்டு வரிசை கட்டும். சரியான அளவுள்ள பெரிய நண்டு வந்து காலி ஓட்டுக்குள் ஏறிய மறு கணம், வரிசையில் நிற்பவை எல்லாம் அடுத்தடுத்து மாறிவிடும்.

தொட்டிக்குள் இதன் சிறு வடிவத்தைப் பார்க்கலாம். வெற்று ஓடு ஒன்றை வைத்துவிட்டு வெளிச்சத்தைக் குறைத்தால், நண்டு வந்து முதலில் உணர்கொம்பால் வெளிப்புறத்தைத் தடவும். பிறகு ஓட்டை உருட்டிப் பார்க்கும். வாய்க்குள் கொடுக்கை விட்டு ஆழம் பார்க்கும்; உள்ளே மணல் இருந்தால் சாய்த்துக் கொட்டும். திரும்பவும் தடவும். இதெல்லாம் ஆற அமர நடக்கும். மாறும் கணம் மட்டும் கண் இமைக்கும் நேரம்தான். வெளிறிய வயிறு ஒருதரம் தெரிந்து மறையும். சில வேளை புது வீடு பிடிக்காமல் உடனேயே பழையதுக்குள் ஓடிவிடும். பழையதை அதற்குள் இன்னொருவர் எடுத்திருந்தால்தான் பிரச்சினை.

தரை இனங்களுக்கு இன்னொரு சிக்கல். மார்க் லேய்டர் என்ற உயிரியலாளர் கொஸ்ரா ரிக்காவில் செய்த ஆய்வுகளில், தரை நண்டுகள் ஓட்டை அப்படியே பாவிப்பதில்லை என்று காட்டினார். உட்சுருளைக் கரைத்தும் தேய்த்தும் வாயை அகலப்படுத்தி, பாரத்தைக் குறைத்து, இடத்தைக் கூட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை திருத்திய வீடு அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. வளர்ந்த நண்டுக்குத் தேவை அப்படிப் பழகிய ஓடு. அது இருப்பது இன்னொரு நண்டின் முதுகில். ஆகவே மற்றவர்களைத் தேடிப் போகாமல் அதற்கு வேறு வழியில்லை. ஓர் இடத்தில் நண்டுகள் மொய்த்தால் மற்றவையும் அங்கே விரைகின்றன. யாரோ வீடு மாறப்போகிறார்கள், அல்லது யாரையோ வீட்டிலிருந்து இழுத்து வெளியேற்றப் போகிறார்கள்.

ஆகவே கூடி வாழும் பிராணி என்றதும் பாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்து தூங்கும், உணர்கொம்பால் ஒன்றையொன்று ஓயாமல் தொட்டுப் பார்க்கும், சண்டையிலும் தொந்தரவிலும் கிரீச்சென்று சத்தம் எழுப்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதே கூட்டம் வீடு போதாவிட்டால் ஒன்றையொன்று உருவி எடுக்கும். 2019இல் வந்த லேய்டரின் இன்னோர் ஆய்வின்படி, தம் இனத்தில் ஒன்று செத்த வாடை வந்தால் தரை நண்டுகள் ஓடிப்போவதில்லை, ஓடிவருகின்றன. சாவு நடந்த இடத்தில் காலி வீடு இருக்கும்.

தொட்டி வைப்பதென்றால்

இதெல்லாம் தெரிந்த பிறகும் வளர்ப்பேன் என்பவர் குறைந்தது மூன்று நான்கு நண்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டும், அளவில் பெரிய வித்தியாசம் இல்லாமல். ஒரு நண்டுக்கு மூன்று முதல் ஐந்து வெற்று ஓடுகளாவது, அதன் இப்போதைய வீட்டைவிடச் சற்றே பெரியவையாக, வட்ட வாயுள்ளவையாகப் பார்த்துப் போட வேண்டும். நண்டைக் கூட்டிவிட்டு ஓட்டைக் கூட்டாமல் விடுவது, தனியாக அடைப்பதைவிட மோசம். வர்ணம் பூசிய ஓடுகள் வேண்டவே வேண்டாம். பூச்சு உரியும், நண்டு அதைக் கொறிக்கும். மாரிக்கு மதிலில் ஏறும் பெரிய ஆபிரிக்க நத்தையின் காலி ஓட்டையும் தரை நண்டுகள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நத்தை மருந்து போட்டுக் கொன்றதை எடுத்துவிட வேண்டாம்.

மற்ற விடயங்களில் யாழ்ப்பாணத்தான் பாதி வேலையை வெயிலிடமும் கடலிடமும் விட்டுவிடலாம். குளிர் நாட்டில் சூடாக்கியும் ஈரமானியும் வாங்கிப் பொருத்துகிறார்கள். இந்த நண்டுக்கு 24 முதல் 29 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 முதல் 80 வீத ஈரப்பதனும் வேண்டும். காரணம், தரையில் வாழ்ந்தாலும் அது மூச்சுவிடுவது பெரும்பாலும் செவுளால்தான். செவுள் நனைந்திருக்கும் வரைதான் காற்றிலிருந்து ஒட்சிசன் எடுக்கும். காய்ந்தால் மெல்ல மெல்ல மூச்சடைக்கும். கம்பிக் கூட்டில் வைத்த நண்டுகள் அப்படித்தான் நாள்கணக்கில் திணறிச் சாகின்றன. இங்கே மாரியில் ஈரத்துக்குக் குறைவில்லை. சோளகம் வீசும் மாதங்களின் நடுப்பகலிலும், குளிரூட்டி போட்ட அறையிலும் கவனம் தேவை. கண்ணாடித் தொட்டியைக் கண்ணாடித் தட்டால் மூடி ஓரத்தில் சிறிது இடைவெளி விட்டால் போதும். மேற்கு யன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள், பின்னேர வெயிலில் உள்ளே அவிந்துபோகும்.

தண்ணீர் இரண்டு கிண்ணம்: ஒன்றில் நன்னீர், மற்றதில் கடல்நீர். இரண்டிலிருந்தும் எடுத்து ஓட்டுக்குள் சேமித்துக்கொள்ளும். கிண்ணத்துக்குள் ஒரு கல் வைத்தால் ஏறி வெளியே வரும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில், யாரும் மருந்து போடாதவரை, குளோரின் இல்லை. குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்துவிட்டுப் பாவிக்கலாம். கடல்நீருக்குப் பதிலாகச் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுவது சரிவராது. வாரம் ஒருதரம் கடற்கரைக்குப் போனால் ஒரு போத்தலில் எடுத்துவருவது பெரிய வேலையா என்ன?

மணல்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டும் இடம். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தும்புத்தூள் கலந்து, சின்னப்பிள்ளைகள் கோயில் கட்டினால் இடியாமல் நிற்கும் அளவுக்கு நனைத்து, குறைந்தது 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போட வேண்டும். பெரிய நண்டென்றால் அதன் உயரத்தின் மூன்று மடங்கு. (சில வாளி போதும், மணல் அள்ள உழவு இயந்திரம் அனுப்பத் தேவையில்லை.) இவ்வளவு ஆழம் எதற்கு என்றால், நண்டு வளர்வதற்குத் தோல் உரிக்க வேண்டும், அதை மண்ணுக்குள் புதைந்துதான் செய்யும். சின்னதென்றால் சில வாரம், பெரியதென்றால் சில மாதம் கீழேயே கிடக்கும். உரித்த பழைய தோலைத் தானே தின்று அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இழந்த கால் இருந்தால் அதுவும் இந்த நேரத்தில்தான் முளைக்கும். ஆளைக் காணவில்லையே, செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்ப்பது அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். மணல் ஆழம் போதாமல் மேலேயே உரித்தால், மெத்தென்ற புதுத்தோலோடு கிடப்பதை மற்றவை தின்றுவிடும்.

சாப்பாட்டுக்குச் செலவே இல்லை. தேங்காய்ச் சொட்டு, உப்பில்லாமல் காயவைத்த இறால் தலை, முருங்கை இலை, பழத் துண்டு, நொறுக்கிய முட்டைக் கோது, காய்ந்த சருகு. உப்பும் தூளும் போட்ட எதுவும் கூடாது.

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லாத இரண்டு ஆபத்துகள் எங்கள் வீடுகளில் உண்டு. ஒன்று எறும்பு. தோல் உரித்த நண்டை எறும்பு மொய்த்தால் தப்பாது. தொட்டி வைத்திருக்கும் மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய, நல்ல வழி. எறும்புப் பவுடர் தூவக் கூடாது. மற்றது நுளம்புச் சுருள். சுருளிலும் தெளிப்பு மருந்திலும் இருக்கும் பைரித்திரொயிட் வகை மருந்துகள் பூச்சிகளைக் கொல்வது போலவே நண்டு, இறால் இனங்களையும் கொல்லும். டெங்குக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் தொட்டியை நன்றாக மூடி வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சுருள் இல்லாமல் ஓர் இரவும் தூங்க முடியாத வீடென்றால், சரி, நண்டு வளர்க்கும் யோசனையை விட்டுவிடலாம்.

பிடித்து வருவதில் உள்ள கேள்வி

நாயோ புறாவோ போல இது வீட்டில் குட்டி போட்டுப் பெருகாது. தரை இனமானாலும் தாய் நண்டு முட்டைகளைக் கடலில்தான் கொண்டுபோய் விடும். பொரிக்கும் குஞ்சு கண்ணுக்குச் சரிவரத் தெரியாத அளவில் வாரக்கணக்கில் அலையில் மிதந்து, பல உருவம் மாறி, மிகச் சிறிய ஓடு ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு கரையேறும். தொட்டிக்குள் இதை நடத்திக் காட்டியவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. அதாவது விற்கப்படும் நண்டு ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு கரையிலிருந்து அள்ளியது. ஜப்பான் 1970இலேயே தரைத் துறவி நண்டுகளை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்து, பிடிப்பதைக் கட்டுப்படுத்தியது. இங்கே சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015 முதல் தேசிய பூங்காக்கள்; அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துவரக் கூடாது.

அதற்கு நோகுமா என்று கேட்பவர்களும் உண்டு. பெல்ஃபாஸ்ற் நகரில் ரொபேர்ட் எல்வூட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், துறவி நண்டுகளின் வயிற்றில் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிடிக்காத வகை ஓட்டில் இருந்தவை சட்டென்று வெளியேறின. பிடித்த ஓட்டில் இருந்தவை கூடுதலாகத் தாங்கின. வெறும் அனிச்சைச் செயல் என்றால் வீட்டின் தரத்தைப் பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லை. பிரித்தானியா 2022இல் நிறைவேற்றிய விலங்குநலச் சட்டத்தில் நண்டு, இறால் இனங்களும் உணர்வுள்ளவை என்று சேர்க்கப்பட்டதற்கு இத்தகைய ஆய்வுகளும் காரணம். நண்டுக்கறிக்குப் பேர்போன ஊரில் இதை எழுதும் சங்கடம் எனக்கும் தெரியும்.

என் கணக்கில் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குத் தொட்டி தேவையில்லை. வல்லிபுரக் கோயிலுக்குப் பின்பக்கக் கடற்கரையிலோ தீவுப்பகுதியிலோ இருட்டிய பிறகு சிவப்புத்தாள் சுற்றிய ரோச்சோடு அடம்பன் கொடிப் பக்கம் போய்க் குந்தியிருந்தால், கண்ணாடிக்குள் வாரக்கணக்காகக் காத்திருந்தும் கிடைக்காத காட்சிகள் கிடைக்கக்கூடும். பிள்ளைகளுக்கு ஆசையென்றால் வெற்று ஊரிகள் சிலவற்றைக் கரையில் அளவு வாரியாக வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்க்கச் சொல்லலாம். சங்கு அள்ளும் பழக்கம் எங்களுக்குப் பழையது. இந்தக் கடலில் குளித்தெடுத்த சங்குகள் ஒரு காலத்தில் வளையல் அறுப்பதற்காக வங்காளம்வரை போயின. இப்போது சின்ன ஊரிகளும் அலங்காரப் பொருளாகப் பையில் ஏறிப் போகின்றன. அள்ளிப் போகும் ஒவ்வொரு நல்ல ஓடும் பல நண்டுகளின் வீட்டு வரிசையை நிறுத்திவிடுகிறது.

ஓட்டை எடுத்துவிட்டு நாங்கள் அங்கே போட்டுவிட்டு வருவது போத்தல்களை. 386 துறவி நண்டுகள் செயற்கைப் பொருள்களுக்குள் குடியிருப்பதை, இணையத்தில் கிடைத்த புகைப்படங்களை வைத்து 2024இல் ஒரு போலந்துக் குழு காட்டியது. பெரும்பாலும் பிளாஸ்ரிக் மூடிகள். அதைவிடக் கொடியது வெற்றுப் போத்தல். இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளிலும் பசுபிக்கின் ஹென்டர்சன் தீவிலும் செய்த ஆய்வு, பிளாஸ்ரிக் கழிவுக்குள் சிக்கி ஏறக்குறைய 5,70,000 துறவி நண்டுகள் செத்திருக்கும் என்று மதிப்பிட்டது. வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் போத்தலுக்குள் ஒரு நண்டு இறங்குகிறது. வழுக்கும் சுவரில் திரும்ப ஏற முடியவில்லை, சாகிறது. சாவு வாடை வெளியே வருகிறது. காலி வீடு கிடைக்கும் என்று அடுத்தது இறங்குகிறது. அதற்குப் பிறகு இன்னொன்று. மூடியை இறுக்கிப் போட்ட போத்தலுக்குள் நண்டு போக முடியாது. கரையில் மூடியில்லாத போத்தலைக் கண்டால் குறைந்தது அதைக் கையோடு எடுத்துவந்துவிடுங்கள், எடுக்கும்போது உள்ளே ஏதும் உயிரோடு இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள்.